சொல்லிட்டுப் போ

முருகா சரணம். எல்லாருக்கும் வணக்கம்.

இந்த ஒரு வரியை டைப் பண்ணிட்டு கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தி வெச்சிருந்தேன். நம்ம பக்கத்துல யார் எழுதினாலும் இப்படித்தான் ஆரம்பிப்போம். முடிக்கும்போதும் ஏதாவது சொல்லித்தான் முடிப்போம். வர்றப்போ ஒரு வார்த்தை, போறப்போ ஒரு வார்த்தை. நடுவுல இருக்கறதுதான் விஷயம், முன்னாடியும் பின்னாடியும் இருக்கறது சும்மா மரியாதைக்குன்னு நான் ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். அந்த நினைப்புல ஒரு தப்பு பண்ணிட்டேன். அதைப் பத்தித்தான் எழுதப் போறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாப் படிங்க.

முதல்ல கேள்வியைச் சொல்லிடறேன். நாம திரும்பி வரும்போது ஒருத்தர் உயிரோட இருக்க மாட்டார்னு தெரியுது. அவர்கிட்ட "போயிட்டு வரேன்"னு சொல்லலாமா? அது பொய்யா?

நான் விராலிமலைப் பக்கம் ஒரு கிராமம். ஐடிஐ எலக்ட்ரீஷியன் படிச்சிட்டு சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன். என்னை வளர்த்ததுல பாதி அம்மா, பாதி அப்பத்தா. ஸ்கூலுக்குக் கிளம்பும்போது "போறேன் அப்பத்தா"ன்னு சொன்னா, வாசலைத் தாண்டினவனைத் திரும்பக் கூப்பிடும். "என்னது போறேன்? போயிட்டு வரேன்னு சொல்லு." நான் சொன்னதும் "போயிட்டு வா சாமி"ன்னு சொல்லும். அப்புறம்தான் விடும். உங்க வீட்லயும் இது நடந்திருக்கும். இந்தத் திட்டு வாங்காம நம்ம ஊர்ல யாரும் வளர்ந்திருக்க மாட்டோம்.

சிங்கப்பூருக்கு முதல் தடவை கிளம்பினப்போ பித்தளைச் சம்படத்தைத் திறந்து, திருநீறு எடுத்து நெத்தி நிறையப் பூசி விட்டுச்சு. அன்னிக்கும் அதே வார்த்தைதான். ஸ்கூலுக்குப் போறவனுக்கும் கடல் தாண்டிப் போறவனுக்கும் அப்பத்தாகிட்ட ஒரே வார்த்தைதான் இருந்துச்சு.

மூணு வருஷம் கழிச்சு லீவுல வந்தப்போ அப்பத்தாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. டாக்டர் அப்பாவையும் என்னையும் தனியாக் கூப்பிட்டு, "ரெண்டு மாசம், மிஞ்சினா மூணு மாசம்"னு சொல்லிட்டார். என் லீவு முடிஞ்சிடுச்சு. திருச்சியில இருந்து காலை பிளைட். விடியற்காலை மூணு மணிக்குக் கார் வந்து நின்னுச்சு.

அப்பத்தா கயித்துக் கட்டில்ல தூங்கிட்டிருந்துச்சு. அம்மா மெதுவா "எழுப்பட்டுமாடா?"ன்னு கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். பாவம், தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்னு வாயால சொன்னேன். மனசுல ஓடினது வேற. எழுப்பினா "போயிட்டு வரேன்"னு சொல்லியாகணும். அடுத்த தடவை நான் வரும்போது அப்பத்தா இருக்காது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சே எப்படிச் சொல்றது? சாகப் போற மனுஷிகிட்ட கடைசியாச் சொல்ற வார்த்தை பொய்யா இருக்கலாமா? இப்படி எனக்கு நானே நியாயம் பேசிக்கிட்டு, செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு சத்தம் போடாம வெளிய வந்துட்டேன்.

அஞ்சு மணிக்கு அப்பத்தா முழிச்சிருக்கு. "பேரன் எங்க?"ன்னு கேட்டிருக்கு. "கிளம்பிட்டான், நீங்க தூங்குறீங்கன்னு எழுப்பல"ன்னு அம்மா சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரே புலம்பல்தானாம். "சொல்லிட்டுப் போகலையே."

மறுநாள் வீடியோ கால்ல கூப்பிட்டேன். சாப்பாடு, மாத்திரை, மழைன்னு என்னென்னமோ பேசினேன். கடைசியில வழக்கம்போல "வைக்கட்டுமா அப்பத்தா?"ன்னு கேட்டேன். அப்பத்தா என்னையே பார்த்துச்சு. "இதுக்கு மட்டும் கேக்குறியே சாமி."

நாப்பத்தோராம் நாள் தவறிடுச்சு. என்னால வர முடியல. போன்லதான் பார்த்தேன்.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. யார் எந்த மொழியில எப்படி வராங்க, எப்படிச் சொல்லிட்டுப் போறாங்கன்னு கவனிக்க ஆரம்பிச்சேன். அதுக்கு சிங்கப்பூர் மாதிரி இடம் கிடைக்காது. ஆட்சி மொழியே நாலு: மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ். எங்க சைட்ல வங்காளமும் ஹொக்கியனும் சேர்த்துக் கேக்கும்.

எங்க சீன போர்மேன் வயசானவர். காலையில பார்த்தா ஹலோ கிடையாது. "ஜியாக் பா புவே?"ன்னுதான் கேப்பார். வயிறு நிறையச் சாப்டியான்னு அர்த்தம். எனக்கு ஊர் ஞாபகம் வந்துடும். நாமளும் மேடையிலயும் கடிதத்துலயும்தான் வணக்கம் சொல்றோம். தெருவுல எதிர்ல வர்றவங்ககிட்ட "என்ன, சாப்டாச்சா?", வெளியூர்ல இருந்து வந்தவங்ககிட்ட "எப்ப வந்தீங்க?"தானே கேக்குறோம். வங்கதேசத்துப் பசங்க "அஸ்ஸலாமு அலைக்கும்"னு சொல்லுவாங்க. உங்க மேல அமைதி உண்டாகட்டும்னு ஒரு வாழ்த்து. யூதர்கள் சொல்ற "ஷாலோம்" இதே வேர்ல இருந்து வந்த சொல்தான். அவங்க வரும்போதும் போகும்போதும் அதையே சொல்றாங்க. சிங்களத்துல "ஆயுபோவன்"னா ஆயுசு நீளட்டும்னு அர்த்தம். இத்தாலிக்காரங்க "சாவோ"ன்னு ஸ்டைலா சொல்றது, "நான் உங்கள் அடிமை"ங்கற வெனிஸ் நகரத்துப் பேச்சுல இருந்து வந்தது. ஹலோ போன் வந்த பிறகுதான் ஊரெல்லாம் பரவுச்சு. 1876ல பெல் போனுக்குப் பேட்டன்ட் வாங்கினார். எடுத்ததும் "அஹாய்"னு சொல்லலாம்ங்கறது அவர் ஆசை. அது கப்பல்காரங்க கூப்பிடற கூப்பாடு. 1877ல எடிசன் "ஹலோ"தான் சரின்னு ஒரு கடிதத்துல எழுதினார். எடிசன் வார்த்தைதான் நின்னுச்சு.

வர்றப்போ சொல்றதுல சிக்கல் இல்ல. எந்த மொழியா இருந்தாலும் "நீ நல்லா இரு", "நீ சாப்டியா", "உனக்கு நான் பணிவு"ன்னு ஏதோ ஒரு நல்ல எண்ணம். அதுல பொய் சொல்ல இடமே இல்ல. போறப்போ சொல்றதுலதான் என் பிரச்சினை. அங்கே நாளைக்கு நடக்கப் போறதைப் பத்திப் பேச வேண்டியிருக்கு.

சில மொழிக்காரங்க அந்தச் சிக்கலைக் கடவுள் கையில விட்டுட்டாங்க. "குட்பை"ங்கறது "கடவுள் உன்னோட இருக்கட்டும்"ங்கற நீள வாக்கியம் தேய்ஞ்சு சுருங்கினது. பிரெஞ்சுல "அதியூ", ஸ்பானிஷ்ல "அதியோஸ்", ரெண்டுமே கடவுள்கிட்ட ஒப்படைக்கிற வார்த்தை. இன்னும் சிலர் திரும்பப் பார்க்கறதைப் பத்திச் சொல்றாங்க. பிரெஞ்சுல "ஒ ரெவ்வார்", ஜெர்மன்ல "அவுஃப் வீடர்சேன்", இந்தியில "ஃபிர் மிலேங்கே" எல்லாம் அந்த ரகம். ஜப்பான்காரங்களோட "சயோனாரா"வை வார்த்தைக்கு வார்த்தை பார்த்தா "அப்படியானால்" அப்படின்னுதான் அர்த்தம். அதுக்கு மேல ஒண்ணும் சொல்றதில்ல. எதையும் வாக்குக் கொடுக்கல, அதனால பொய்யும் இல்ல. இதைத் தெரிஞ்சுக்கிட்டப்போ எனக்குப் பொறாமையா இருந்துச்சு. தமிழ்லயும் இப்படி ஒண்ணு இருந்திருந்தா அப்பத்தாவை எழுப்பியிருப்பேனேன்னு தோணுச்சு.

நம்ம வார்த்தை அப்படி இல்ல. போறதை மட்டும் சொல்ல விடாது. வர்றதையும் சேர்த்துச் சொல்லணும். நாம மட்டும் இப்படி இல்ல. மலையாளத்துல "போயிட்டு வராம்", கன்னடத்துல "ஹோகி பர்த்தீனி", தெலுங்குல "வெள்ளி வஸ்தானு", சிங்களத்துல "கிஹின் என்னம்", எல்லாமே போயிட்டு வரேன்தான். சயோனாரா சொல்ற அதே ஜப்பான்காரங்க, வீட்டை விட்டு வேலைக்குக் கிளம்பும்போது மட்டும் "இத்தெகிமாஸ்"னு சொல்லுவாங்க. போயிட்டு வரேன்னு அர்த்தம். உள்ள இருக்கறவங்க "இத்தெரஷ்ஷாய்"னு பதில் சொல்லுவாங்க. அதாவது, போயிட்டு வா. அப்பத்தாவும் நானும் வாசல்ல நின்னு பேசினதுதான்!

இதையெல்லாம் விட என்னை உலுக்கினது வங்காள மொழி. என் ரூம்ல ஒரு வங்கதேசத்துப் பையன். வேலை முடிஞ்சு கிளம்பும்போது தினமும் "ஆஷி"ன்னுட்டுப் போவான். கொஞ்ச நாள்ல அர்த்தம் புரிஞ்சுது. "வரேன்." போறேன்ங்கற வார்த்தையே அதுல இல்ல! "போற, ஆனா வரேன்னு சொல்றியே"ன்னு கேட்டேன். சிரிச்சான். "போறேன்னு சொன்னா எங்கம்மா திட்டுவாங்க. ஆஷின்னு சொல்லுன்னு திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பாங்க"ன்னான். எனக்குப் பேச்சு வரல. எங்கேயோ ஒரு ஊர்ல ஒரு அம்மா, எங்க அப்பத்தா சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்காங்க.

அவனுக்கு பெர்மிட் முடிஞ்சு ஊருக்குக் கிளம்பற நாள் வந்துச்சு. இனிமே வரப் போறதில்ல, கல்யாணம் பண்ணிக்கிட்டு ஊர்லயே கடை போடப் போறான். நானும் அவன் ஊருக்குப் போகப் போறதில்ல. ரெண்டு பேருக்கும் நல்லாத் தெரியும். பெட்டியைத் தூக்கிட்டு வாசல்ல நின்னவன் என்னைப் பார்த்து "ஆஷி"ன்னான். அதுக்கு "எஷோ", அதாவது "வா"ன்னு பதில் சொல்லணும்னு அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். சொன்னேன். அவன் தலையாட்டிட்டு இறங்கிப் போனான்.

அவன் என்கிட்ட பொய் சொன்னதா எனக்கு ஒரு நொடி கூடத் தோணல. அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். அவன் சொன்னது பொய் இல்லைன்னா, நான் சொல்ல வேண்டியிருந்ததும் பொய் இல்லையே?

எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். ட்ரெயின் எத்தனை மணிக்குன்னு கேட்டா சொல்றது தகவல். அது சரியா இருக்கணும், தப்பா இருந்தா தப்பு. "போயிட்டு வரேன்" தகவல் இல்ல. தமிழ்ல இதுக்கு என்ன பேர்? விடை பெறுதல். விடைன்னா பதில், விடைன்னா அனுமதி. கிளம்பறவன் கேக்குறான், இருக்கறவங்க கொடுக்குறாங்க. "போயிட்டு வரேன்" பாதி, "போயிட்டு வா" மீதி. நான் ஒரு பொய்யைத் தவிர்த்துட்டதா நினைச்சுக்கிட்டிருந்தேன். உண்மையில அப்பத்தா சொல்ல வேண்டிய பாதியை அது வாய்க்கு வராமலே பறிச்சுட்டேன். சம்படத்துல இருந்து எனக்கு எடுத்து வெச்சிருந்த ஒரு சிட்டிகை திருநீறையும் சேர்த்துத்தான்.

"இதுக்கு மட்டும் கேக்குறியே"ன்னு அப்பத்தா சொன்னதோட அர்த்தம் அப்பதான் விளங்குச்சு. போனை வைக்கறதுக்கு நான் விடை கேட்டேன். ஊரை விட்டுப் போறதுக்குக் கேக்கல.

இது வெறும் சம்பிரதாயம்னு யாராவது சொன்னா, துக்க வீட்டை நினைச்சுப் பாருங்க. அங்கே போனா திரும்பும்போது "போயிட்டு வரேன்"னு சொல்லக் கூடாது. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாம எழுந்து வந்துடணும். அந்த மாதிரி காரியத்துக்கு அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை வர வேண்டாம்னு ஒரு நினைப்பு. அர்த்தமே இல்லாத வார்த்தையா இருந்தா அதைச் சொல்லாம இருக்க ஒரு இடத்தை ஒதுக்கி வெச்சிருப்பாங்களா? எனக்கு இன்னொண்ணு உறைச்சுது. அன்னிக்கு விடியற்காலை சொல்லாம கொள்ளாம இறங்கி வந்தேனே, உயிரோட இருந்த அப்பத்தா வீட்டை நான் துக்க வீடா ஆக்கிட்டுத்தான் வந்திருக்கேன்.

இதைச் சொன்னப்போ ஒரு நண்பன் மறுத்தான். "திருக்குறள்லயே இருக்கே. பிரிவாற்றாமை அதிகாரத்தோட முதல் குறள் பாரு. பிரிஞ்சு போறேன், சீக்கிரம் வந்துடுவேன்னு சொல்ல வந்தவனுக்கு அவ பக்கத்துல இருந்து என்ன பதில் வருது? போகலைன்னா என்கிட்ட சொல்லு. சீக்கிரம் வருவேங்கறதை, நீ வர்றப்போ யார் உயிரோட இருப்பாங்களோ அவங்ககிட்ட சொல்லிக்கோ. வரேன்ங்கற வார்த்தை ஆறுதல் இல்லைன்னுதானே அர்த்தம்?"ன்னான்.

நல்ல கேள்விதான். ரெண்டு நாள் என்னைத் தூங்க விடல. திரும்பத் திரும்பப் படிச்சப்போ ஒண்ணு தெரிஞ்சுது. அவன் வந்து சொன்னதாலதான் அவ அப்படிக் கோபப்பட முடிஞ்சுது. அவன் என்னை மாதிரி செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போயிருந்தா, அந்தக் குறளே இருந்திருக்காது. "போயிட்டு வா"ன்னுதான் பதில் வரணும்னு இல்ல. "போகாதே"ன்னு வரலாம், அழுகை வரலாம், "நான் இருக்க மாட்டேன்டா"ன்னு கூட வரலாம். அப்பத்தா அப்படிச் சொல்லியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதைக் கேட்டுட்டு நிக்கத்தான் எனக்குத் தைரியம் இல்ல. பொய் சொல்லக் கூடாதுங்கறது நான் போர்த்திக்கிட்ட போர்வை.

அப்போ யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் சொல்லிட்டுப் போகலாமான்னு கேக்காதீங்க. "அடுத்த வாரம் கண்டிப்பா வரேன், பணத்தோட வரேன்"னு வரவே நினைக்காம சொல்றது பொய்தான். நாள் குறிச்சா அது வாக்கு. அதைக் காப்பாத்தணும். வர முடியாமப் போறது வேற, வர மனசே இல்லாம சொல்றது வேற. என் ரூம் பையனுக்கு வர வழி இல்ல, ஆனா மனசு இருந்துச்சு. அது "ஆஷி"யில கேட்டுச்சு.

அதே மாதிரி, எல்லாரும் எல்லார்கிட்டயும் விடை வாங்கித்தான் ஆகணும்னும் இல்ல. அடி தாங்க முடியாம ராத்திரியோட ராத்திரியா வீட்டை விட்டுத் தப்பிச்சு வந்தவங்ககிட்ட "சொல்லிட்டு வந்தியா?"ன்னு கேக்குற உரிமை நமக்குக் கிடையாது. உயிரைக் காப்பாத்திக்கறது முதல். நான் பேசறது நம்மளை நேசிச்சவங்களைப் பத்தி. அவங்களைச் சமாளிக்கச் சங்கடமா இருக்குன்னு நழுவறோமே, அதைப் பத்தி. பத்து வருஷப் பழக்கத்தை ஒரு பிளாக் பட்டன்ல முடிக்கிறோம். கூடப் படிச்சவங்க குரூப்ல இருந்து ஒரு வார்த்தை இல்லாம வெளியேறிடறோம். "எதுக்கு சீன்?"னு நமக்கு நாமே சொல்லிக்கிறோம். அந்தப் பக்கம் ஒருத்தர் "சொல்லிட்டுப் போகலையே"ன்னு எத்தனை நாள் புலம்பினார்னு நமக்குத் தெரியறதே இல்ல.

ஏழு மாசம் கழிச்சு எனக்கு லீவு கிடைச்சுது. கேட்ல ஒரு மலாய்க்காரப் பெரியவர் செக்யூரிட்டி. பெட்டியோட என்னைப் பார்த்ததும் "செலாமாட் ஜாலான்"னார். நானும் மரியாதைக்கு "செலாமாட் ஜாலான்"னேன். அவர் சிரிச்சுட்டார். "நான் எங்கயும் போகலையே தம்பி! அது போறவனுக்கு நான் சொல்றது. நீ எனக்கு 'செலாமாட் திங்கல்'னு சொல்லணும்." ஜாலான்னா வழி, நடை. திங்கல்னா தங்கறது. போறவன் பத்திரமாப் போகணும், இருக்கறவன் பத்திரமா இருக்கணும். அந்த மொழியிலயும் ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு பங்கு. இருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை பாக்கி இருக்குன்னு எனக்கு அன்னிக்கும் ஒருத்தர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்துச்சு.

"செலாமாட் திங்கல், பாக்சிக்"னு சொல்லிட்டுக் கிளம்பினேன்.

ஊர்ல இருபது நாள். திரும்பக் கிளம்பற அன்னிக்கும் விடியற்காலைதான். அம்மா சம்படத்தைத் திறந்து பூசி விட்டுட்டு, "அப்பத்தாகிட்ட சொன்னியாடா?"ன்னாங்க. போட்டோ முன்னாடி போய் நின்னேன். "போயிட்டு வரேன் அப்பத்தா." என் பாதியைச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன். மீதியைச் சொல்ல ஆள் இல்ல. இதுக்கு மேல அதைப் பத்தி எழுத எனக்குத் தெரியல.

நாம சன்னிதியில இருந்து திரும்பும்போதும் "போயிட்டு வரேன் முருகா"ன்னுதானே சொல்றோம். அவன்கிட்டயும் வாயால பதில் வராது. ஆனா கைநிறையத் திருநீறு வாங்கிட்டு வர்றோம். இப்பெல்லாம் அதை நெத்தியில வைக்கும்போது, இதுதான் எனக்குக் கிடைச்ச விடைன்னு நினைச்சுக்கறேன். அப்பத்தாகிட்ட வாங்காம வந்ததையும் சேர்த்து நினைச்சுக்கறேன்.

இதைப் படிக்கறவங்கள்ல நாளைக்கு ஊருக்கோ ஹாஸ்டலுக்கோ வெளிநாட்டுக்கோ கிளம்பறவங்க இருப்பீங்க. வீட்ல வயசானவங்க தூங்கிட்டிருந்தா எழுப்புங்க. தூக்கம் கெட்டாப் பரவாயில்ல.

சரி, நேரமாச்சு. போயிட்டு வரேன்.

முருகா சரணம்.